முதலில் அந்த வீட்டின் ஒரு நாளைப் பாருங்கள்: மாற்றுத்திறன் குழந்தைகளின் வீடுகளுக்குப் புதிதாகப் போகிறவர்களுக்கு

வியாசர்பாடியில் நான் முதன்முதலாகப் போன வீட்டில் ஒரு தாளைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஏழு பயிற்சிகள், ஒவ்வொன்றும் பத்து முறை, காலையும் மாலையும். படம்கூட வரைந்திருந்தேன். பத்து நாள் கழித்துப் போனபோது அந்தத் தாள் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாகச் செருகப்பட்டிருந்தது. ஒரு பயிற்சியும் நடந்திருக்கவில்லை. அந்த அம்மா காலை நாலரை மணிக்கு எழுந்து தண்ணீர் பிடித்து, பெரிய பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, இரண்டு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு, பதினொரு மணிக்குத் திரும்பி வந்துதான் ஆறு வயது மகனைக் குளிப்பாட்டுகிறார். அதுவரை பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பக்கத்து வீட்டு ஆயா. "தப்பா நெனைக்காதீங்க டீச்சர், நீங்க எழுதிக் குடுத்ததெல்லாம் நல்லதுதான். எப்போ செய்யறதுன்னுதான் தெரியல" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்த பிறகுதான் என் வேலை தொடங்கியது. தன்னார்வலராகவோ, களப்பணியாளராகவோ, சிறப்பு ஆசிரியராகவோ, அல்லது அதே தெருவில் இருக்கும் உறவினராகவோ இப்படி ஒரு வீட்டுக்கு உதவப் புறப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். வடசென்னைதான் நான் அறிந்த இடம். அதனால் காசிமேடு, தண்டையார்பேட்டை, புளியந்தோப்பு, கொடுங்கையூர், திருவொற்றியூர், எண்ணூர் வீடுகளையே மனதில் வைத்துச் சொல்கிறேன்.

போவதற்கு முன்

தண்ணீர் வரும் நேரத்தில் போகாதீர்கள். ஒவ்வொரு தெருவுக்கும் ஒரு நேரம் உண்டு, அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். லாரி வந்து நிற்கும்போது குடத்தோடு ஓட வேண்டியவரை உட்கார வைத்துப் பேசினால், நீங்கள் சொல்லும் எதுவும் அவர் காதில் ஏறாது. காசிமேட்டில் மீன் ஏலக்கூடத்துக்குப் போகும் பெண்கள் விடியற்காலையில் வீட்டில் இருக்க மாட்டார்கள். மதியத்துக்குப் பிறகு வந்து கொஞ்சம் தலைசாய்த்திருப்பார்கள். முதல் நாள் மாலையே போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

பெரிய ஃபைலும் கழுத்தில் அட்டையுமாகக் கூட்டமாகப் போக வேண்டாம். ஒருவர், மிஞ்சினால் இருவர் போதும். தெருவில் வழி கேட்கும்போது "அந்த முடியாத பிள்ளை இருக்கிற வீடு எது?" என்று கேட்காதீர்கள். அம்மாவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்ட விதம் உங்களுக்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

முதல் சந்திப்பு

தரையில் உட்காருங்கள். பிள்ளை பாயில் படுத்திருக்க, நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து பேசினால் அது விசாரணை போல ஆகிவிடும். பிள்ளையின் பெயரைக் கேட்டு, முதலில் பிள்ளையோடு பேசுங்கள். அவன் பதில் சொல்லாவிட்டாலும் பேசுங்கள். "இவனுக்கு என்ன பிரச்சினை?" என்று அவன் எதிரிலேயே ஆரம்பிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. பேச்சு வராத பிள்ளைகளில் பலருக்கு நாம் பேசுவது நன்றாகவே புரியும்.

காரணம் தோண்ட வேண்டாம். சொந்தத்தில் கல்யாணமா, கர்ப்பத்தில் என்ன சாப்பிட்டாய், கிரகணத்தில் வெளியே போனாயா என்று அந்த அம்மாவை ஏற்கெனவே எத்தனையோ பேர் கேட்டு நோகடித்திருப்பார்கள். பிரசவம் நடந்த விதம், பிறந்ததும் அழுததா, மஞ்சள் காமாலை வந்ததா என்பதெல்லாம் மருத்துவருக்கு வேண்டிய விவரங்கள், ஆஸ்பத்திரிச் சீட்டில் இருக்கும். அங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மந்திரித்துத் தாயத்து கட்டியிருந்தால் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். வலிப்பு மருந்தை நிறுத்திவிட்டு மந்திரிப்பதை மட்டும் நம்பியிருந்தால், அப்போதும் "கோயிலுக்குப் போங்க, மருந்தையும் விடாதீங்க" என்பதே போதும்.

பிறகு ஒரே ஒரு கேள்வி. "ஒரு நாளைக்கு உங்களுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கிற நேரம் எது?" நான் கேட்டதில் மிக அதிகமாகக் கிடைத்த பதில் நடப்பதைப் பற்றியோ பேசுவதைப் பற்றியோ இருக்காது. சாப்பாடு ஊட்டுவது, ராத்திரி தூங்காமல் அழுவது, மலம் கழிக்க வைப்பது, தூக்கித் தூக்கி முதுகு விட்டுப்போவது, இவைதான் வரும். நீங்கள் மனதில் வைத்துக்கொண்டு போன திட்டத்தை அங்கேயே விட்டுவிடுங்கள். அவர் சொன்ன நேரத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

ஒரு சந்திப்புக்கு ஒரு காரியம். அதுவும் அந்த வீட்டில் ஏற்கெனவே நடக்கும் ஒரு வேலைக்குள் பொருந்த வேண்டும். குளிப்பாட்டல், ஊட்டல், துணி மாற்றுதல், தூக்கிக்கொண்டு கடைக்குப் போதல் எல்லாம் எப்படியும் நடக்கும். அவை நடக்கும் விதத்தை லேசாகத் திருத்தினால் அதுவே பயிற்சி. தனியாக அரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னால், அந்த அரை மணி நேரம் அவருடைய தூக்கத்திலிருந்துதான் வரும்.

தூக்குவதும் உட்கார வைப்பதும்

மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்குக் கால்கள் கத்தரிக்கோல் போல ஒன்றன்மேல் ஒன்று இறுகிக்கொள்ளும். அப்படிப்பட்ட பிள்ளையைப் பச்சைக் குழந்தை போல இரண்டு கையிலும் மலர்த்தி ஏந்திக்கொண்டு திரிந்தால் இறுக்கம் இறுக்கமாகவே இருக்கும். நம் வீடுகளில் பிள்ளையை இடுப்பில் வைத்துத் தூக்குகிறோமே, அது இந்தப் பிள்ளைக்குச் சரியான முறை. இரண்டு காலும் விரிந்து, உடம்பு நிமிர்ந்து, உலகத்தைப் பார்த்தபடி இருக்கும். முதுகை அம்மாவின் கை தாங்கினால் போதும். வளர வளர இடுப்பில் ஏற்ற முடியாது என்பது உண்மை. அப்போது தூக்குகிறவர் குனிந்து இழுக்காமல், முழங்காலை மடக்கி, பிள்ளையைத் தன் மார்போடு ஒட்டிக்கொண்டு எழ வேண்டும். இதைச் சொன்னால் போதாது, செய்து காட்டுங்கள், அவரைச் செய்யச் சொல்லிப் பாருங்கள். அம்மாவின் முதுகு போய்விட்டால் அந்த வீட்டில் எல்லாமே நின்றுவிடும்.

தூளி வேண்டாம் என்று முழுதாகச் சொல்ல மாட்டேன். பிள்ளையைத் தூங்க வைக்க வேறு வழி இல்லாத வீடுகள் உண்டு. ஆனால் கழுத்து நிற்காத பிள்ளை நாள் முழுக்கத் தூளியில் சுருண்டு கிடந்தால் முதுகும் இடுப்பும் அந்த வளைவிலேயே பழகிவிடும். தூங்கிய பின் பாயில் ஒருக்களித்துப் படுக்க வைத்து, இரண்டு காலுக்கும் நடுவே மடித்த போர்வையை வைக்கச் சொல்லுங்கள்.

உட்கார வைக்க விலை கொடுத்து எதுவும் வாங்க வேண்டியதில்லை. சுவரின் மூலைதான் நாற்காலி. முதுகு மூலையில் படிய, இரண்டு பக்கமும் ரேஷன் அரிசி மூட்டை, எதிரில் ஒரு முக்காலி. ஒரு வேளைக்குப் பத்து நிமிடம் இப்படி உட்கார்ந்தாலே தோள் உள்ளே வந்து கைகள் இரண்டும் முன்னால் சேரும், பொருளைப் பிடிக்கத் தோன்றும். கழுத்து நிற்காத சின்னப் பிள்ளைக்கு, சுருட்டிய பாயின் மேல் பழைய சேலையைச் சுற்றி, அதன்மேல் நெஞ்சு படும்படி குப்புறப் போடலாம். அம்மா எதிரில் உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டே பேசினால், முகத்தைப் பார்க்கப் பிள்ளை தலையைத் தூக்கும். சமையலும் ஆகிறது, பயிற்சியும் ஆகிறது. ஆனால் குப்புறப் போட்டுவிட்டு யாரும் எழுந்து போகக் கூடாது.

எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் ஆயாக்களைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். வெந்நீரில் தசை இளகும். கையும் காலும் மெதுவாக நீட்டி மடக்குவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. இரண்டை மட்டும் மரியாதையாகச் சொல்லி நிறுத்துங்கள்: மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவது, இறுகிய மூட்டை வெடுக்கென்று இழுப்பது. மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போய்க் கபம் கட்டிவிடும். பிசியோதெரபிஸ்ட் பார்க்காத பிள்ளையின் காலை நீங்களும் இழுக்காதீர்கள். வடசென்னைக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனை பக்கம், குழந்தைகளுக்கென்றே எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. காலிபர் (காலில் கட்டும் தாங்கி), சக்கர நாற்காலி போன்றவற்றுக்குக் கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபி வீட்டுக்கே வருவதால், உங்கள் பகுதி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்து கேளுங்கள்.

சக்கர நாற்காலி பற்றி ஒன்று. விண்ணப்பிக்கும் முன் வீட்டு வாசலின் அகலத்தையும் வெளியே உள்ள சந்தின் அகலத்தையும் அளந்துகொள்ளுங்கள். பிள்ளையின் இடுப்பு அகலம், தொடை நீளம், பாதம் வரை உள்ள உயரம் இவற்றையும் அளக்க வேண்டும். பெரியவர்கள் நாற்காலி எட்டு வயதுப் பிள்ளைக்கு வந்து சேர்ந்து, அது துணி காயப் போடும் இடமாக நின்றதை நான் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மூன்றாவது மாடிக் குடியிருப்பில் அது கீழே படிக்கட்டடியில் துருப்பிடிக்கும். அந்த வீடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியத்துடையது என்றால், தரைத்தள வீடு கேட்டு மருத்துவச் சான்றோடு மனு எழுதிக் கொடுக்க உதவுவது பிசியோ கற்றுக்கொடுப்பதற்குச் சமமான வேலை.

ஊட்டுவது

இதில்தான் உயிர் இருக்கிறது, அதனால் நிதானமாகச் சொல்கிறேன். நீட்டிய காலின்மேல் பிள்ளையை மலர்த்திப் படுக்க வைத்து, பாலாடையில் அள்ளி வாய்க்குள் ஊற்றுவதும், விழுங்காவிட்டால் மூக்கைப் பிடிப்பதும் நம்மிடம் பரம்பரையாக வரும் வழக்கம். விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு இது ஆபத்து. உணவு மூச்சுக்குழாயில் இறங்கும். அடிக்கடி சளி, காய்ச்சல், நெஞ்சில் கரகரப்பு என்று ஆஸ்பத்திரிக்கு ஓடும் பிள்ளையைக் கண்டால், முதலில் ஊட்டும்போது கூட இருந்து பாருங்கள். இருமுகிறதா, கண்ணில் தண்ணீர் வருகிறதா, சாப்பிட்ட பின் குரல் ஈரமாகக் கேட்கிறதா என்று கவனியுங்கள். இருந்தால் மருத்துவரிடம் அதைத்தான் சொல்ல வேண்டும். "சளி பிடிச்சிருக்கு" என்று மட்டும் சொன்னால் சளி மருந்தோடு திரும்புவீர்கள்.

நிமிர்ந்து உட்கார வையுங்கள். மேலே சொன்ன மூலையிலோ, அம்மாவின் மடியிலோ வைக்கலாம். தலை பின்னால் சாயாமல், முகவாய் சற்றே நெஞ்சை நோக்கி இருக்க வேண்டும். ஊட்டுகிறவர் பிள்ளையின் கண்ணுக்கு நேராக, அல்லது சற்றுக் கீழே உட்கார வேண்டும். மேலே இருந்து கரண்டி வந்தால் பிள்ளை அண்ணாந்து பார்க்கும், தொண்டை திறந்துகொள்ளும். குழி குறைந்த சின்னக் கரண்டியில் பாதியளவு எடுத்து, நாக்கின் நடுவில் லேசாக அழுத்தி, உதடு மூடும்வரை காத்திருந்து எடுங்கள். விழுங்கியது தெரிந்த பிறகுதான் அடுத்த வாய்.

பலருக்கும் தண்ணீர் போல ஓடும் உணவு பாதுகாப்பானது என்று ஓர் எண்ணம். இந்தப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் நேர்மாறு. ரசம் சாதத்தில் ரசம் முதலில் ஓடிப் போகும், பருக்கை பின்னால் நிற்கும். அதைவிடக் கூழ் பதத்தில் கேழ்வரகுக் கஞ்சி, நன்றாக மசித்த பருப்பு சாதம், சாம்பாரில் ஊறிக் குழைந்த இட்லி எளிது. ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ சேர்த்தால் கொஞ்சம் சாப்பாட்டிலும் சத்து ஏறும். உணவு முடிந்ததும் அரை மணி நேரம் படுக்க வைக்க வேண்டாம். இவ்வளவு செய்தால் ஒரு வேளைக்கு முக்கால் மணி நேரம் ஆகும் என்று அம்மா சொல்வார். ஆகும். அதனால்தான் மூன்று வேளையையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லாதீர்கள். அவருக்கு எந்த வேளை நிம்மதியோ, அந்த ஒரு வேளையில் ஆரம்பிக்கட்டும்.

வலிப்பு வந்தால்

வலிப்பு என்றதும் நம் தெருக்களில் முதலில் ஓடி வருவது சாவிக்கொத்து. கையில் இரும்பைத் திணிப்பதால் வலிப்பு நிற்காது. வாயில் கரண்டியோ துணியோ வைத்தால் பல் உடையும், மூச்சு அடைக்கும். பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள், அடுப்பு, கூர்மையான பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் நகர்த்துங்கள், போனில் மணியைப் பாருங்கள். ஐந்து நிமிடம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமலே அடுத்தது வந்தாலோ 108. முழு நினைவு வரும்வரை தண்ணீர் கொடுக்கக் கூடாது. முடிந்தால் யாராவது போனில் வீடியோ எடுக்கட்டும். மருத்துவருக்கு அது வார்த்தையைவிட உதவும்.

மருந்தைத் திடீரென்று நிறுத்துவதுதான் வீட்டில் நடக்கும் பெரிய தவறு. அது எப்போது நடக்கிறது என்று கவனித்தால் காரணம் பிடிபடும். காசிமேட்டு வீடுகளில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், வருமானம் கிடையாது. அப்போது சிரப் பாட்டிலில் அளவு குறையும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஆகும். தடைக்காலத்துக்கு முன்பே அரசு மருத்துவமனைச் சீட்டில் மருந்து வாங்கும் ஏற்பாட்டைச் செய்து கொடுங்கள்.

பேச்சு வராத பிள்ளை, ஓடிவிடும் பிள்ளை

பேச்சு வரவில்லை என்றால் பேச்சுப் பயிற்சிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. தண்ணீர் டம்ளரையும் பந்தையும் இரண்டு கையில் காட்டி "எது வேணும்?" என்று கேட்டுவிட்டு, மனதுக்குள் பத்து எண்ணிக் காத்திருங்கள். கண் எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் பதில், உடனே கொடுங்கள். நம்மால் பத்து எண்ணும்வரை சும்மா இருக்க முடிவதில்லை. அதுதான் கஷ்டம். பிறகு அந்த வீட்டு டம்ளர், பாய், கழிப்பறைக் கதவு, அப்பா இவற்றைப் போனில் படம் பிடித்து, கடையில் பிரிண்ட் எடுத்து, அட்டையில் ஒட்டிச் சுவரில் பிள்ளையின் கண் உயரத்தில் மாட்டுங்கள். புத்தகத்தில் இருக்கும் ஆப்பிள் படத்தைவிட வீட்டு டம்ளர் சீக்கிரம் புரியும்.

ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் சிலர் கதவு திறந்திருந்தால் ஓடிவிடுவார்கள். எண்ணூர் விரைவுச் சாலையில் கண்டெய்னர் லாரி நிற்காமல் ஓடும், கொருக்குப்பேட்டையில் தண்டவாளம், மற்றொரு பக்கம் கடல். கதவின் மேல்பக்கம் ஒரு தாழ்ப்பாள் போடச் சொல்லுங்கள். சட்டையின் உள்பக்கம் போன் எண்ணைத் தைத்து வையுங்கள். தெருமுனை டீக்கடை, ஆட்டோ ஸ்டாண்டு, பெட்டிக்கடை மூன்றிலும் அம்மாவோடு போய்ப் பிள்ளையை அறிமுகப்படுத்துங்கள். "இவன் தனியா வந்தா புடிச்சு வெச்சுக்கிட்டு எனக்கு போன் பண்ணுங்க அண்ணே" என்று சொல்லி வைப்பதுபோல ஒரு காவல் வேறில்லை. வடசென்னைத் தெரு இதைச் செய்யும். நான் கண்டிருக்கிறேன்.

காகிதங்கள்

இதைத் தள்ளிப் போடாதீர்கள், ஆனால் முதல் நாளே ஆரம்பிக்கவும் வேண்டாம். மூன்றாவது, நான்காவது சந்திப்பில் எல்லாச் சீட்டுகளையும் ஒரே பையில் போட்டு, ஒவ்வொன்றையும் அம்மாவின் போனிலேயே படம் எடுத்து வையுங்கள்.

முதலில் வேண்டியது மாற்றுத்திறனாளி சான்றும் தனித்துவ அடையாள அட்டையும். ஆதார், புகைப்படத்தோடு இணையத்தில் பதிந்தால், அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்த்துச் சதவீதம் போடும். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. பெரும்பாலான சலுகைகளுக்கு 40 சதவீதம் வேண்டும். சின்னப் பிள்ளைகளுக்குத் தற்காலிகச் சான்றே கிடைக்கலாம், அதில் மறுபரிசோதனைத் தேதி இருக்கும். அதை நாள்காட்டியில் குறித்து வையுங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பகுதிகள் 2018இல்தான் சென்னை மாவட்டத்தில் சேர்ந்தன. அங்கே உள்ள பழைய அடையாளப் புத்தகத்தில் திருவள்ளூர் மாவட்டம் என்று இருந்தால், எந்த மாவட்ட அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போனால் ஒரு நாள் கூலி மிச்சம்.

அறிவுசார் குறைபாடு 40 சதவீதத்துக்கு மேல், அல்லது கடுமையான பாதிப்பு 75 சதவீதத்துக்கு மேல் என்றால் மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பிக்கலாம். 2023 ஜனவரியிலிருந்து இந்தத் தொகை, அதற்கு முன் 1,500. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் மத்திய அரசின் தேசிய அறக்கட்டளையின் நிரமயா மருத்துவக் காப்பீடு ஒரு லட்சம் ரூபாய் வரை உண்டு. சேருவதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது, தெரபிச் செலவும் இதில் வரும். பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

நீங்கள் கூடப் போகும்போது ஒன்றை மறக்காதீர்கள். பேசுவது அம்மாவாக இருக்கட்டும். என் தொடக்க காலத்தில் ஓர் அலுவலகத்தில் நானே எல்லாவற்றையும் பேசி, கையெழுத்திடும் இடத்தில் மட்டும் அந்த அம்மாவைக் காட்டினேன். அடுத்த முறை அவர் தனியாகப் போனபோது என்ன கேட்பது என்று தெரியாமல் வாசலிலிருந்தே திரும்பிவிட்டார். அதன் பிறகு முந்தின நாளே இரண்டு பேரும் பேசிப் பார்த்துக்கொண்டு, அங்கே நான் பின்னால் நிற்பேன்.

பள்ளி, பயணம்

6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி சட்டப்படி உரிமை. அருகிலுள்ள பள்ளியா சிறப்புப் பள்ளியா என்பதைக் குடும்பமே தேர்ந்துகொள்ளலாம். எழுந்து போகவே முடியாத பிள்ளைக்கு வீட்டிலேயே கல்வி பெறும் உரிமை 2012ஆம் ஆண்டுக் கல்வி உரிமைத் திருத்தத்தில் வந்தது. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் சிறப்பு ஆசிரியர் வீட்டுக்கு வருவார். வீட்டில் கல்வி என்பது வசதிக்காகப் பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் சாக்காக மாறிவிடக் கூடாது. வாரம் ஒரு நாளாவது மாநகராட்சிப் பள்ளியின் மற்ற பிள்ளைகளோடு உட்கார வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

சாதாரணக் கட்டண மாநகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் துணைக்கு ஒருவருக்கும் 2021 முதல் கட்டணம் இல்லை. மின்சார ரயிலில் நடைமேடைக்கும் பெட்டிக்கும் இடையே இருக்கும் இடைவெளியில் சக்கர நாற்காலியை ஏற்றுவது சிரமம். வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ 2021 பிப்ரவரியில் வந்த பிறகு, லிஃப்ட் இருப்பதால், திருவொற்றியூர்க் குடும்பங்கள் எழும்பூருக்குப் போவது எளிதாகியிருக்கிறது. கோட்டூர்புரத்தில் 1985இல் தொடங்கிய வித்யாசாகர், முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் தேசிய நிறுவனம் இரண்டும் நல்ல இடங்கள். ஆனால் வாரா வாரம் போகும் தூரமில்லை. முழு மதிப்பீட்டுக்கு ஒரு முறை போய்வந்து, அவர்கள் சொன்னதை இங்கே வீட்டில் செய்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

வீட்டில் மற்றவர்கள்

அப்பா பேச மாட்டார். பல வீடுகளில் நாம் வந்ததும் எழுந்து வெளியே போய்விடுவார். அதைப் பொறுப்பின்மை என்று முடிவு கட்டாதீர்கள். கையில் ஒரு வேலையைக் கொடுங்கள். மீன் வைக்கும் தெர்மாகோல் பெட்டியை அறுத்து ஒரு சாய்வு இருக்கை செய்து தர முடியுமா என்று கேட்டு, மறுவாரம் பெட்டியோடு காத்திருந்த அப்பாவை எனக்குத் தெரியும். பெட்டியை நன்றாகக் கழுவிக் காயவைத்து, மேலே துணி தைத்துப் போட வேண்டும் என்பது மட்டும்தான் நான் சொன்னது.

அக்கா, அண்ணன் பிள்ளைகளிடமும் தனியாகப் பேசுங்கள். பத்து வயதுப் பெண் தம்பிக்காகப் பள்ளிக்கு லீவு போட்டுக்கொண்டே இருந்தால், அந்தக் கணக்கை அம்மாவிடம் மெதுவாக எடுத்துச் சொல்ல வேண்டியது நீங்கள்தான். அம்மா தூங்கவில்லை, சாப்பிடவில்லை, "ரெண்டு பேரும் போயிடலாம்னு தோணுது" என்று சொன்னால் அதைச் சோர்வு என்று கடந்துபோகாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணை அவரோடு உட்கார்ந்து அப்போதே அழையுங்கள், அன்று இரவு அவரோடு யார் இருப்பார்கள் என்பதை உறுதி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

வயதுக்கு வரும் பெண்பிள்ளை உள்ள வீட்டில் மாதவிடாயைப் பற்றி முன்பே பேசுங்கள். துணி மாற்றுவதைப் படமாகக் காட்டிப் பழக்கலாம். வேலைக்குப் போகும் அம்மா பிள்ளையை யாரிடம் விட்டுப் போகிறார் என்பதைக் கேட்கத் தயங்காதீர்கள். தொட்டால் பிடிக்காத இடம் எது என்று காட்டவும், தலையாட்டி "வேண்டாம்" சொல்லவும் பேச முடியாத பிள்ளைக்கும் கற்றுக்கொடுக்க முடியும். சந்தேகம் வந்தால் குழந்தைகள் உதவி எண் 1098. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தில் தெரிந்தும் மறைப்பது குற்றம், இதைக் குடும்பத்துக்குள் பேசி முடித்துக்கொள்ள யாரையும் விடாதீர்கள். பதினெட்டு வயது நிறைந்த பிறகு, தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர்க் குழுவில் சட்டப்பூர்வப் பாதுகாவலராக விண்ணப்பிக்க வேண்டும் என்பதையும் சொல்லி வையுங்கள்.

மழைக்கு முன்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது புளியந்தோப்பிலும் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. நடக்க முடியாத பிள்ளையைப் பரணில் ஏற்றி உட்கார வைத்த வீடுகள் உண்டு. அதனால் அக்டோபர் பிறப்பதற்குள் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பை தயார் செய்து சுவரில் உயரமாக மாட்டுகிறோம். பத்து நாளைக்கு மருந்து, மருந்துச் சீட்டு, அடையாள அட்டையின் நகல், கஞ்சி மாவு, இரண்டு செட் துணி, ஒரு பழைய பருத்திச் சேலை. சேலை எதற்கு என்று கேட்பார்கள். பிள்ளையை முதுகோடு கட்டிக்கொண்டு தண்ணீரில் நடக்க. மேல் மாடியில் யார் வீட்டுக்குப் போவது, யார் தூக்குவது என்பதைப் பெயரோடு முடிவு செய்து, அந்த வீட்டுக்காரரிடமும் நேரில் சொல்லிவிட வேண்டும். வெயில் காயும் ஒரு நாளில் ஒரு தடவை தூக்கிக்கொண்டு படியேறியும் பாருங்கள். போன வருடம் ஒரு வீட்டில் அப்படி ஏறியபோதுதான் இரண்டாம் மாடித் திருப்பத்தில் பிள்ளையின் கால் சுவரில் இடிப்பது தெரிந்தது. அடுத்த தடவை பிள்ளையைத் திருப்பிக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். இடிக்கவில்லை.